செல்வாம்பாள் ஒரு பெயரை உரித்த மத்தியானம்

வானத்தில் ஒட்டியிருக்கிற நிலாவை ஓரம் கிழியாமல், அடியில் ஒரு கீறல் விழாமல் முழுசாக உரித்தெடுத்து, ஒட்டியிருந்த இடத்தைப் பளபளவென்று துடைத்தும் கொடுக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். பெயர் செல்வாம்பாள். புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கிறாள். அமெரிக்காக்காரன் ராக்கெட் விட்டதெல்லாம் வெட்டிச் செலவு. ஒரு பாட்டில் வெந்நீரும் ஒரு பழைய சிம் கார்டு அட்டையும் கொடுத்து இவளை ஏற்றி அனுப்பியிருந்தால், சாயங்காலத்துக்குள் நிலாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருப்பாள். வரும் வழியில் நாலு நட்சத்திரத்தையும் சேர்த்து.

டுட்டோரியலில் பையன்களிடம் அய்யப்பன் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தான். செல்வாம்பாள் அவனுக்கு அத்தை முறை. பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டதால், கனகசெட்டிக்குளத்திலிருந்து மூட்டையைக் கட்டி அவனை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை டுட்டோரியல். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போய், பைபர் படகு ரிப்பேர் செய்யும் யார்டில் எடுபிடி வேலை. பதினேழு வயது. உடம்பு ஒட்டடைக் குச்சி. வாய் மட்டும் லாரி.

அத்தையைப் பற்றி அவன் அளப்பதில் முக்கால் பங்கைக் கழித்துவிட்டாலும் மிச்சம் கால் பங்கு நிற்கும். செல்வாம்பாளும் கனகசெட்டிக்குளத்துக்காரிதான். மீன் கூடை தூக்கி வந்த அம்மாவோடு பஸ்ஸில் டவுனுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவள், தெருத்தெருவாக டிரைசைக்கிள் மிதித்துக் காலி பாட்டில் எடுக்கிற குப்பனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. எனவே குப்பனுக்கும் வேலைக்குப் பஞ்சம் வரவில்லை. அந்தப் பாட்டில்கள் போய்ச் சேருகிற கழுவும் ஷெட்டில் செல்வாம்பாள் பதினெட்டு வருஷம் லேபிள் உரித்தாள். நாள் முழுக்கக் காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீர்த் தொட்டியில் கை. பத்து விரலிலும் இன்று நகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இருந்த இடத்தில் செருப்புத் தோல் மாதிரி தடித்த சதைதான். அந்தக் கட்டைவிரலை வைத்துத் தடவினால், எது கஞ்சிப் பசை, எது கோந்து, எது கம்பெனிப் பசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

ஷெட்டில் மெஷின் வந்ததும் அவள் ஒரு நாள்கூட அழவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவருக்கு, முந்தின சொந்தக்காரன் ஸ்டிக்கராக ஏற்றிவைத்த சாமி, கட்சி, காதலி எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்கிவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. பிளேடு போட்டால் கீறுகிறது, பெட்ரோல் போட்டால் சாயம் மங்குகிறது. செல்வாம்பாள் போனாள். பாட்டிலில் உள்ளே வெந்நீர் ஊற்றினால் வெளியே லேபிள் இளகும், அது அவளுக்குத் தெரிந்த வித்தை. டேங்குக்குள் வெந்நீர் ஊற்ற முடியாதே. எனவே பாட்டிலையே டேங்கின் மேல் உருட்டினாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டிலிருந்து குப்பன் எடுத்து வந்த ஒயின் பாட்டில், தடித்த கண்ணாடி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடாது. சப்பாத்திக் கட்டை மாதிரி அதை ஸ்டிக்கர் மேல் ஐந்து நிமிஷம் உருட்டி, சிம் கார்டு அட்டையின் முனையை ஓரத்தில் கொடுத்து, கட்டைவிரலால் இழுத்தால் வாழை இலை மாதிரி முழுசாக வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். எண்ணெய்க்குச் சோப்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஒரே ஒரு விரதம் உண்டு. உரிக்கிற ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டாள். "படிச்சா கை தயங்கும்டா" என்பாள்.

அந்த விரதம் உடைந்தது 2006 ஆடி மாதத்தில். உடைத்தது அய்யப்பன்.

நாலு வீடு தள்ளி, மாடியறையில் வாடகைக்கு இருந்தவன் அருள்முருகன். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், இங்கே சோப்புக் கம்பெனியில் வேலை. புதுசாக ஒரு கறுப்பு பல்சர் வாங்கியிருந்தான். வாங்கிய நாளிலிருந்து அவன் அதை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம் அதிகம். ஒரு நாள் அய்யப்பன் பேச்சுவாக்கில் டேங்கின் மேல் கையை வைத்துவிட்டான். அருள்முருகன் ஒன்றும் திட்டவில்லை. கைரேகை விழுந்த இடத்தைக் காட்டி, "உன் சட்டையாலயே தொடைடா" என்றான். தெருவே பார்க்க அய்யப்பன் தன் சட்டையால் துடைத்தான்.

அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு ஒன்பது நாள் ஆனது. சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர் ஷீட் ஒன்று வாங்கி, மூன்றெழுத்து வெட்டினான். துர்கா. பல்சர் நிற்பது வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், வலது பக்கம் சுவரோடு ஒட்டி. ஒட்டடைக் குச்சி உடம்புக்கு அந்த இடுக்கு போதும். அருள்முருகனுக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் மாடியில் தூங்கும்போது, டேங்கின் வலது பக்கத்தில் ஒட்டினான். லேசில் உரிக்கக் கூடாதென்று, யார்டிலிருந்து மருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்த படகு ரெசினை ஓரமெல்லாம் பிரஷ்ஷால் பூசினான். கடல் தண்ணீரிலேயே விடாத சாமான் அது. அருள்முருகன் நாலு நாள் நாக்கைத் தள்ளிக்கொண்டு சுரண்டட்டும் என்பதுதான் திட்டம்.

திட்டத்தில் இல்லாத ஆள் கிருஷ்ணசாமி.

கிருஷ்ணசாமி துர்காவின் அப்பா. அருள்முருகனின் ஊர்க்காரர், அதே சோப்புக் கம்பெனி, இந்த வாரம் அதே ரெண்டு மணி ஷிப்டு. தினமும் ஒன்றேகால் மணிக்கு டிபன் பையோடு வந்து, அந்தப் பல்சரின் பின் சீட்டில்தான் ஏறுவார். மூத்த பெண் கமலவேணியின் நோட்டுக்குள் யாரோ வைத்த ஒரு காகிதம் கிடைத்ததற்கு, எட்டாம் நாள் அவள் காலேஜை நிறுத்தி, பதினேழாம் நாள் பாகூரில் கல்யாணத்தை முடித்தவர். துர்கா இப்போது பி.காம். ரெண்டாவது வருஷம். "ஒரு பேச்சு வந்தா அன்னிக்கே நோட்டைக் கட்டி பரண்ல போட்டுடுவேன்" என்று அவர் சொன்னது தெருவுக்கே தெரியும். அய்யப்பனுக்கும் தெரியும். கத்தரிக்கோலைக் கையில் பிடித்திருந்தபோது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு அருள்முருகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வாம்பாளின் வாசலுக்கு வந்தான். டேங்கின் மேல் ஒரு கைலியைப் போர்த்தியிருந்தான்.

"வண்டிக்குக் குளிர் ஜொரமா? போத்திக்கினு வந்திருக்க" என்றாள் செல்வாம்பாள்.

அவன் கைலியின் ஓரத்தைத் தூக்கினான். செல்வாம்பாள் பார்த்தாள். பதினெட்டு வருஷம் லேபிளிலும் ஆறு வருஷம் வண்டியிலும் படிக்காமல் தப்பித்த கண், மூன்றெழுத்தில் மாட்டிக்கொண்டது.

"நம்ம தெரு துர்காவா?"

"வேற எந்த துர்கா. அவகிட்ட நான் ஒரு வார்த்த பேசினது கெடையாதுக்கா. எங்கம்மா மேல சத்தியமா."

"நீ பேசினியா இல்லியான்னு எவன் கேக்கப்போறான். அவ பேரு ஒன் வண்டியில இருக்குது. அதான் பேச்சு."

அய்யப்பன் அன்று டுட்டோரியலுக்கு மட்டம் போட்டிருந்தான், வேடிக்கை பார்க்க. உள்ளே நின்றுகொண்டிருந்தவன் ஓரடி பின்னால் போனான்.

"செவுத்துப் பக்கம் இருந்துச்சிக்கா. அந்த இடுக்குல எவன் பூந்தான்னே தெரியல. என் கையே போவாது." அருள்முருகன் சந்துப் பக்கம் முறைத்தான். "எவன்னு மட்டும் தெரியட்டும், கைய ஒடைச்சி அவன் கழுத்துலயே மாட்டுறேன்."

அய்யப்பன் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றான், கொஞ்சம் குண்டாகத் தெரியட்டும் என்று.

"டேங்கு கவர் போட்டுக்கினு போயிடவா?"

"நேத்து வரைக்கும் இல்லாத கவரு இன்னிக்கி ஏன்னு கிஷ்ணசாமி அண்ணன் தூக்கிப் பாக்கும். இன்னிக்கி லீவு போட்டா, வண்டிக்கி இன்னா ஆச்சின்னு நாளைக்கி வந்து பாக்கும். ஒன்னேகாலுக்கு அது வரும்போது வண்டி எப்பவும் நிக்கற எடத்துல எப்பவும் போல நிக்கணும். அய்யப்பா, அடுப்புல தண்ணி வை."

முதல் பாட்டில் வெந்நீர் ஆறிப்போனது. இரண்டாவதும் ஆறியது. செல்வாம்பாள் 'து'வின் ஓரத்தில் சிம் கார்டு அட்டையைக் கொடுத்தாள். அட்டை மடங்கியது. வேறு அட்டை எடுத்தாள். அதுவும் மடங்கியது. அவள் முகத்தில் ஒரு கோடு விழுந்தது. அய்யப்பன் அந்தக் கோட்டை அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாடா இது" என்று கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். "பசை கண்ணாடியாட்டம் நிக்குது. ஸ்டிக்கர் பசை கண்ணாடி ஆவாது."

மணி பன்னிரண்டு ஐந்து.

"தின்னர் ஊத்திடலாமா? மெக்கானிக்கிட்ட இருக்கு." அருள்முருகன் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டான்.

"ஊத்து. ஸ்டிக்கரும் போவும், பெயிண்ட்டும் போவும். கறுப்பு டேங்குல துர்கான்னு வெள்ளையா நிக்கும். அத ஒரிக்க நான் பத்து ஜென்மம் எடுக்கணும்."

அருள்முருகன் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். செல்வாம்பாள் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதால ஒட்டினான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள், யாருக்கும் இல்லாமல்.

அய்யப்பனுக்குத் தெரியும். சொன்னால் கை போகும். சொல்லாவிட்டால் போவது அவன் கை இல்லை, துர்காவின் படிப்பு. ஜூன் மாதம் பரீட்சை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நின்றது ஞாபகம் வந்தது. 'இதற்கு முன் எத்தனை முறை தேர்வு எழுதினீர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் துர்கா சிரிக்கவில்லை. நிமிராமல், "ரெண்டா?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். தெருவில் எல்லோரும் சிரித்த இடம் அது.

"அத்தே" என்றான். "அது ரெசினா இருக்குமோ."

அருள்முருகன் தலையைத் தூக்கினான். "ரெசினா? ஒனக்கு எப்பிட்றா தெரியும்?"

"போட் யார்டுல பாத்துருக்கேன். ஒரு மாதிரி வாசன வருது."

"எனக்கு வரலியே."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதுலதான் பெறள்றான். அவனுக்கு வராம ஒனக்கா வரும்" என்றாள் செல்வாம்பாள் திரும்பாமலே. பிறகு அதே குரலில், "எவ்ளோ ஹார்ட்னர் கலந்துருப்பான்?"

"கம்மியாதான். ரெண்டு சொட்டு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். "கலந்திருப்பான். வாசனைய வச்சி சொல்றேன்."

அத்தை அவனை ஒரு தரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். சாமான் வாங்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"கம்மின்னா உள்ள இன்னும் கெட்டி ஆயிருக்காது. யார்டுல பிரஷ் எதால கழுவுவீங்க?"

"அசிட்டோன்."

"அது எங்க கெடைக்கும்?"

"மேடம்ங்க நெயில் பாலிஷ் அழிக்கறதுக்கு ஒண்ணு வச்சிருப்பாங்கல்ல. அதே வாசனதான்."

"ஓடு."

அவன் ஓடினான். பேன்சி ஸ்டோரில் கடைக்காரர், "யாருக்குத் தம்பி?" என்று கேட்டதற்கு, "அத்தைக்கு" என்றான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"செல்வாம்பா அத்தை நெயில் பாலிஷ் போடுதா? நகமே இல்லியே."

துர்கா. தோளில் காலேஜ் பை, கையில் மடக்கிய குடை. இந்த நேரத்தில் எப்படி என்று அவன் முழித்தான். அவளே சொன்னாள், மத்தியானம் மேடம் வரவில்லை, விட்டுவிட்டார்கள் என்று. பேனா ரீபிள் வாங்க வந்தாளாம். "ஹால் டிக்கெட் வந்துடுச்சா ஒனக்கு? வந்தா காட்டு, பேரு தப்பில்லாம இருக்கான்னு பாக்கலாம்."

"ம்."

"இன்னா இப்பிடி வேர்க்குது?"

வீட்டுக்குப் போக அவள் அத்தை வீட்டுச் சந்து வழியாகத்தான் வருவாள். வாசலில் வண்டி. வண்டியில் அவள் பெயர். "இந்தப் பக்கம் வராத" என்றான். "மாடு ஒண்ணு முட்டுது."

"யார் வூட்டு மாடு?"

"செவப்பு மாடு."

"நம்ம தெருவுல ஏதுடா செவப்பு மாடு." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சொல்றேன்னாலே அது பொய்யாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பின்சந்துப் பக்கம் திரும்பிப் போனாள். பொய் என்று தெரிந்தும் ஒருத்தி தன் பேச்சைக் கேட்டு நடப்பதை அய்யப்பன் வாழ்க்கையில் முதல் தடவை பார்த்தான். பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, பாட்டிலில் தொட்டு, எழுத்தின் விளிம்பில் மட்டும் ஓட்டினாள் செல்வாம்பாள். ஒரு ஓட்டு, உடனே ஈரத் துணியால் ஒரு துடைப்பு. "பெயிண்ட்டு மேல இது மூணு எண்ணறதுக்கு மேல நிக்கக் கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒன்று, ரெண்டு, துடை. ஒன்று, ரெண்டு, துடை. கண்ணாடி மாதிரி நின்ற ஓரம் பிசுபிசுவென்று குழைந்தது. மேலே வெந்நீர்ப் பாட்டில். 'து' வந்தது, துண்டு துண்டாக. தரையில் விரித்த பேப்பரில் அதைப் போட்டாள். 'ர்' வந்தது, அதன் புள்ளி தனியாக அடம்பிடித்துக் கடைசியில் வந்தது. அருள்முருகன் நகத்தைக் கடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தான், சந்தைப் பார்த்தான், வாட்சைப் பார்த்தான். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

'கா'வின் ஓரம் குழைந்து, பாட்டிலை உருட்ட எடுத்தபோது சந்து முனையில் டிபன் பை தெரிந்தது.

கிருஷ்ணசாமி. இருபது நிமிஷம் முன்னால்.

"வண்டி எடத்துல காணம், அதான் தேடிக்கினு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அய்யப்பன் கண்ணை மூடித் திறப்பதற்குள் செல்வாம்பாள் வாளியில் ஊறிய கோணிச் சாக்கை எடுத்து டேங்கின் மேல் போட்டாள். வலது கை சாக்குக்கு அடியில் போய்விட்டது. அருள்முருகன் எழுந்து நின்றான், உட்காரப் பார்த்தான், கடைசியில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாம்மா, வண்டிய வாசல்ல போட்டுத் தாலாட்டறியா?"

"வாண்ணே. கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கரு. நல்ல வண்டியில கடை பேர ஒட்டிக் குடுத்துட்டான். தம்பி வேணாங்குது."

"எங்க, காட்டு."

"சூடு குடுத்துருக்கேன். தூக்கினா காத்து பட்டு எறுகிடும். கொஞ்சம் இரு."

ஷெட்டில் அவள் லேபிள் உரித்ததெல்லாம் கலங்கிய காரத் தண்ணீருக்கு அடியில்தான். பதினெட்டு வருஷமும் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. சாக்குக்குள் கட்டைவிரல் ஓரத்தைத் தேடுவதை அய்யப்பன் பார்த்தான், கோணி மெல்ல ஏறி இறங்கியது, உள்ளே ஏதோ எலிக்குஞ்சு மூச்சு விடுவது மாதிரி. அவள் முகம் மட்டும் கிருஷ்ணசாமியின் பக்கம் திரும்பி, சும்மா பேசிக்கொண்டிருந்தது.

"கமலவேணி எப்பிடிண்ணே இருக்குது?"

"இருக்குது. பையன் நடக்கறான்."

"நல்லாப் படிக்கற புள்ள."

கிருஷ்ணசாமி டிபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "படிச்சிது. பேச்சு வந்துடுச்சி. வந்துட்டா நான் இன்னா பண்றது. ஊர்ல எங்கண்ணன் தம்பிங்க மூஞ்சில முழிக்கணும்ல." டிபன் பையைப் பழைய கைக்கே மாற்றினார். "அது என்னாண்ட இன்னும் சரியாப் பேசறதில்ல. சின்னதுக்காவது எந்தப் பேச்சும் வராம படிப்ப முடிச்சிப் பாத்துடணும்னுதான் இருக்கேன். அதுவா எதுவும் வராது. ஊர்ல இருக்கறவனுங்க சும்மா இருக்கணும்."

அய்யப்பன் தரையைப் பார்த்தான். அவரை ராட்சசனாக நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்தது.

சாக்கு அசைவது நின்றது. செல்வாம்பாளின் கை மூடிய விரல்களோடு வெளியே வந்தது. "இந்தாடா, குப்பை. கொண்டுபோய்ப் போடு" என்று அய்யப்பனின் உள்ளங்கையில் திணித்தாள். திறந்து பார்க்காமலே தெரிந்தது. துண்டாகவில்லை. முழுசு.

சாக்கை எடுத்தாள். கறுப்பு டேங்கு கறுப்பாக இருந்தது. அருள்முருகன் விட்ட பெருமூச்சில் சைடு கண்ணாடி மங்கியது.

அப்போதுதான் ஆடிக் காற்று சந்துக்குள் புகுந்தது. முனையில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை ஒரு கை அள்ளி வீசிவிட்டுப் போனது. ஸ்டிக்கர்தான் போயிருந்தது, பசை போகவில்லை. டேங்கில் தூசு எல்லா இடத்திலும் வழுக்கி விழ, பசை இருந்த இடத்தில் மட்டும் உட்கார்ந்தது. ஒரு வளைவு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. பழுப்பு நிறத்தில், மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து எழுதுவது மாதிரி.

கிருஷ்ணசாமி குனிந்தார். "இன்னாமோ எழுத்தாட்டம் வருதே."

"கடை பேருண்ணே" என்றாள் செல்வாம்பாள்.

"எந்தக் கடை?"

அருள்முருகன் செல்வாம்பாளைப் பார்த்தான்.

"பிரெஞ்சுல எழுதியிருந்துச்சி மாமா" என்றான் அய்யப்பன். "படிக்க முடியல."

"கடைக்காரனுக்கு வேற வேல இல்ல போல." அவர் இன்னும் குனிந்துதான் இருந்தார்.

செல்வாம்பாள் தேங்காய் எண்ணெயில் துணியை முக்கிப் பிழிந்து, அவர் கண்ணுக்கும் டேங்குக்கும் நடுவில் நீட்டினாள். "அண்ணே, கை சும்மாதான இருக்குது. கொஞ்சம் அழுத்தித் தேச்சிக் குடேன். என் கை ஓஞ்சி போச்சி. ஷிப்டுக்கு நேரம் ஆவுதுல்ல."

அவர் ஒரு நொடி துணியைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அய்யப்பன் தான் இதுவரை கும்பிடாத எல்லாச் சாமியையும் கும்பிட்டு முடித்தான். கிருஷ்ணசாமி டிபன் பையை அருள்முருகனிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, துணியை வாங்கினார். விவசாயக் கை. அழுத்தித் தேய்த்தார். வளைவு போனது. கோடு போனது. தன் பெண்ணின் பெயர் என்று தெரியாமல், அவளுக்கு வரவிருந்த பேச்சு முழுவதையும் அந்த மனிதர் தன் கையாலேயே துடைத்தெடுத்தார். கடைசியில் விரலால் தடவிப் பார்த்து, "போயிடுச்சி" என்று திருப்தியாகச் சொன்னார்.

"போயிடுச்சிண்ணே" என்றாள் செல்வாம்பாள்.

எண்ணெய் நின்றால் தூசு பிடிக்குமென்று சோப்புத் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து அடித்தாள். அடித்த அடியில் பாதி, எதிர்ப்பக்கம் நின்ற அய்யப்பன் மேல். உலர்ந்த துணியால் அருள்முருகன் துடைத்தான், வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவசரமாக. ஒன்று இருபதுக்கு வண்டி கிளம்பியது. முனை திரும்பும் முன் அருள்முருகன் தலையைத் திருப்பி, "எவன்னு தெரிஞ்சா சொல்லுக்கா" என்றான்.

"தெரிஞ்சா சொல்றேன், போ."

சத்தம் அடங்கியது. செல்வாம்பாள் படியில் உட்கார்ந்து விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வலது கட்டைவிரலின் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வயித்த உள்ள இழுத்தா அந்த இடுக்குல பூந்துடுவல்ல?"

அய்யப்பன் பொய் ஒன்றைத் தேடினான். அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டிருந்தது. "வெளையாட்டுக்குத்தான் அத்தே. அவன் சட்டையால தொடைக்கச் சொன்னான்ல."

"அதுக்கு அவன்கிட்ட வெளையாடு. அந்தப் பொண்ணு பேரு எதுக்கு?"

"சின்னப் பேரா இருந்துச்சி. வெட்ட ஈசி."

"எங்க வூட்டுக்காரர் பேருகூடச் சின்னதுதான். குப்பன்னு வெட்டி ஒட்டியிருக்கலாமே. ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்."

அய்யப்பன் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தான். தேவையே இல்லாமல் சாக்கைப் பிழிந்தான். அவள் தரையில் கிடந்த பேப்பரைக் காலால் இழுத்து, குனிந்து பார்த்தாள். 'து'வின் துண்டுகள். 'ர்'. அதன் புள்ளி.

"மூணாவது எங்க?"

"போட்டுட்டேன் அத்தே. சாக்கடையில."

அவள் நிமிர்ந்தாள். சோப்புத் தண்ணீரில் நனைந்து, அவனுடைய வெள்ளை டுட்டோரியல் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"சட்டைப் பையில இன்னாடா செவப்பா?"

"பஸ் டிக்கெட்டு."

"பஸ் டிக்கெட்டு எப்பலேர்ந்துடா மினுக்குது" என்றாள் செல்வாம்பாள்.